பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு சின்தடிக் ஆயில்: மாறலாமா, மாறினால் எப்படி?

நெடுஞ்சாலை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1998 மாடல் பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன், டர்போ கிடையாது. 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே 20டபிள்யூ-50 கிரேடு மினரல் ஆயில்தான் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஆயில்). 5000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுவேன், அதில் தவறியதில்லை.

இப்போதைய நிலை: புகை இல்லை. டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரத்தில் லேசாக ஈரம் தெரியும், ஆனால் கீழே சொட்டுவதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஓரிரு நொடி டக டக என்று சத்தம் வந்து அடங்கிவிடும்.

கூட வேலை செய்பவர் "5டபிள்யூ-30 ஃபுல் சின்தடிக் ஊற்றுங்கள், வண்டி புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கோ "இத்தனை கிலோமீட்டர் மினரலில் ஓடிய எஞ்சின், இப்போது மாற்றினால் எல்லா சீலும் ஒழுகும், தொடாதீங்க" என்கிறார். கையேட்டில் வெளி வெப்பநிலையை வைத்து ஒரு படம் போட்டிருக்கிறது: 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மூன்றும் இருக்கின்றன. தரம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) எஸ்ஜி அல்லது அதற்கு மேல். சின்தடிக் என்ற பேச்சே அதில் இல்லை.

இந்த வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓடோமீட்டர்:

மாற்றாதீர்கள். ஒரே ஆயிலில் இவ்வளவு தூரம் புகையில்லாமல் ஓடியிருக்கிறதென்றால் அந்த ஆயிலும் உங்கள் ஒழுங்கும் சரியாக வேலை செய்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்? சின்தடிக் போட்ட கொஞ்ச நாளில் கிராங்க் சீலில் (சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிவு ஆரம்பித்த வண்டிகளை நேரில் பார்த்திருக்கிறேன். பின்பக்க கிராங்க் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் விலை ஒன்றுமில்லை, கூலிதான் ஆளை அடிக்கும். அந்த ஆபத்துக்கு ஈடாக இந்த எஞ்சினுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

பாகுநிலை:

நான் லூப்ரிகன்ட் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்த சீல் விஷயம் முழுப் பொய் இல்லை, ஆனால் அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

அமெரிக்காவில் ஆம்சாயில் 1972லும் மொபில் 1 அதற்கு இரண்டு வருடம் கழித்து 1974லும் கார்களுக்கான சின்தடிக் ஆயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அந்தக் கால மினரல் ஆயில்களில் அரோமாட்டிக் சேர்மங்கள் நிறைய இருந்தன. அவை ரப்பருக்குள் ஊறி அதைக் கொஞ்சம் உப்ப வைக்கும். அன்றைய சீல்களும் அந்த உப்பலை நம்பித்தான் இறுக்கம் கொடுத்தன. சின்தடிக்கில் அடிப்படை எண்ணெயாக வரும் பாலி ஆல்பா ஓலிஃபினுக்கு, சுருக்கமாக பிஏஓ, இந்தக் குணம் கிடையாது. அது ரப்பரைச் சற்றே சுருங்க வைக்கும். எஸ்டர் வகை எண்ணெய்களோ நேர்மாறு, நன்றாக உப்ப வைக்கும். ஏற்கெனவே வெப்பத்தில் கட்டையாகிப்போன சீலில் மினரலை எடுத்துவிட்டு வெறும் பிஏஓவை ஊற்றினால் கசியத்தான் செய்யும். அந்தக் காலத்தில் கசிந்தது. அந்தப் பேச்சுதான் இன்றுவரை ஒர்க்‌ஷாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு தயாரிப்பாளர்கள் பிஏஓவோடு கொஞ்சம் எஸ்டரும் சீலுக்கான சேர்க்கைப் பொருள்களும் கலந்து சமன் செய்துவிட்டார்கள். இன்று ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் தரங்களில் ரப்பர் பொருத்தச் சோதனை கட்டாயம். அமெரிக்க, ஜப்பானிய கார் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வகுக்கும் ஐஎல்எஸ்ஏசி தரங்களில் 2010ல் வந்த ஜிஎஃப்-5லும் அது சேர்ந்துவிட்டது. ஊறவைத்த ரப்பரின் கன அளவு, கடினம், இழுவிசை எல்லாம் எவ்வளவு மாறலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய ஆயிலுக்கு அந்த முத்திரை கிடைக்காது.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. இன்று கடையில் "மினரல்" என்று கிடைப்பதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்த குரூப் 2 எண்ணெய் (ஏபிஐ அடிப்படை எண்ணெய்களைப் பிரிக்கும் வகைகளில் ஒன்று). அதிலும் அரோமாட்டிக் மிகக் குறைவுதான். ரப்பரைப் பொறுத்தவரை உங்கள் எஞ்சின் அந்த மாற்றத்தை எப்போதோ கடந்துவிட்டிருக்கும்.

ஓடோமீட்டர்:

> அந்தக் காலத்தில் கசிந்தது.

மேடம், வேதியியல் சரியாகவே இருக்கலாம். நான் பார்த்த வண்டிகள் 1972ல் ஆயில் மாற்றியவை இல்லையே. சமீபத்தில் மாற்றியவை, அதுவும் நல்ல பெயருள்ள ஆயில். அவை ஏன் ஒழுகின?

கரிமசி:

இதுக்கு நான் சொல்றேன், பாதி வாழ்நாள் எஞ்சின் பிரிச்சே போச்சு.

அந்த வண்டிங்க எல்லாத்துலயும் என்ன கிரேடு இருந்துச்சு, என்ன கிரேடு ஊத்துனாங்கன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் 20டபிள்யூ-50 மினரல்ல இருந்து ஒரே தாவா 5டபிள்யூ-30 சின்தடிக். ரெண்டு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்துறாங்க: அடிப்படை எண்ணெயும் மாறுது, கனமும் மாறுது. லீக் வந்ததும் பழி மட்டும் சின்தடிக் மேல விழுது.

வண்டி நிக்கும்போது எஞ்சின் சூடு குறைஞ்சு வெளிச் சூட்டுக்கு வந்துடும். அந்த நிலையில 5டபிள்யூ-30 எவ்வளவு தண்ணியா இருக்கும், 20டபிள்யூ-50 எவ்வளவு கெட்டியா இருக்கும்னு ஒரு வெள்ளைக் கண்ணாடித் தட்டுல ரெண்டையும் ஒரு சொட்டு விட்டு சாய்ச்சுப் பாருங்க. சீல் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், கெட்டி ஆயில் அதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கும். தண்ணி ஆயில் வந்ததும் உண்மை தெரியுது. அதே வண்டில 5டபிள்யூ-30 மினரல் ஊத்தியிருந்தாலும் ஒழுகியிருக்கும்.

ரெண்டாவது, அழுக்கு. ஆயில் ஒழுங்கா மாத்தாத வண்டில சீல் உதட்டைச் சுத்தி கரி மாதிரி படிஞ்சு இறுகியிருக்கும். அந்தக் கரிதான் அங்க அடைப்பு. நல்ல டிடர்ஜென்ட் உள்ள புது ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். அப்புறம் வழி திறக்கும். ஆனா தம்பி 5000க்கு ஒருதரம் மாத்துறேன்னு சொல்றாரு, அவர் எஞ்சின்ல அவ்வளவு படிவு இருக்க வாய்ப்பு கம்மி.

அதனால நெடுஞ்சாலை தம்பி, 5டபிள்யூ-30 வேண்டாம். உங்க கையேட்டுலயே அந்த கிரேடு இல்லை. அதுக்கு மேல பேச்சு எதுக்கு?

பாகுநிலை:

கரிமசி அண்ணன் சொன்னதற்கு எண் தருகிறேன், தீர்மானிக்க உதவும்.

எஸ்ஏஇ ஜே300 என்ற தரம்தான் இந்த கிரேடுகளை வரையறுக்கிறது. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் கனத்தை, அதாவது பாகுநிலையைக் காட்டும். 30 என்றால் 9.3க்குக் குறையாமல் 12.5க்குள் சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு). 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். முன்னால் வரும் எண் குளிரில் எஞ்சின் சுழலும் திறனையும் ஆயில் பம்பை எட்டும் திறனையும் காட்டும். 5டபிள்யூவின் சுழற்றும் சோதனை மைனஸ் 30 டிகிரியில் நடக்கும், 20டபிள்யூவின் சோதனை மைனஸ் 15ல்.

"எங்கள் ஊரில் மைனஸ் 30 எல்லாம் கிடையாது, எனக்கு எதற்கு இது?" என்று கேட்பவர்கள் உண்டு. 40 டிகிரி செல்சியஸில் அளந்தாலே வித்தியாசம் தெரியும். வழக்கமான 20டபிள்யூ-50 அங்கே 150 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும், 5டபிள்யூ-40 ஏறக்குறைய அதில் பாதி. காலை ஸ்டார்ட்டில் டேப்பட் வரை ஆயில் ஏறும் நேரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. நிறுத்திய வண்டியில் செத்த சீல் வழியாகக் கசியும் வேகத்தையும் இதுதான் தீர்மானிக்கிறது. ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

இன்னொரு அளவும் முக்கியம்: 150 டிகிரி வெப்பத்திலும் அதிவேக உரசலிலும் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல் விநாடி. ஏசிஇஏவின் ஏ3/பி4 தரத்துக்குக் குறைந்தபட்சம் 3.5. பேரிங் இடைவெளி தேய்ந்து கூடியிருக்கும் எஞ்சினில் இந்த எண்ணைக் குறைக்க நான் விரும்ப மாட்டேன். தேய்ந்த எஞ்சினுக்கு மெல்லிய ஆயில் ஊற்றினால் சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் விழும். அது சின்தடிக்கின் குற்றம் இல்லை, கிரேடின் குற்றம்.

நாலாம்கியர்:

இடையில் ஒரு சின்ன சந்தேகம். சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பழைய மினரல் கொஞ்சம் தங்கிவிடுமே, சின்தடிக்கோடு சேர்ந்தால் திரிந்து ஜெல்லி ஆகிவிடாதா?

பாகுநிலை:

ஆகாது. ஏபிஐ முத்திரை உள்ள எந்த எஞ்சின் ஆயிலும் மற்றவற்றோடு பிரியாமல், திரியாமல் கலக்க வேண்டும் என்பது தகுதிச் சோதனையின் ஒரு பகுதி. செமி சின்தடிக் என்று விற்பதே இரண்டின் கலவைதானே. விளக்கெண்ணெய் அடிப்படையிலான பந்தய ஆயில்கள் மட்டும் விதிவிலக்கு, அவை சாதாரண வண்டிக்கு வருவதே இல்லை.

பழசுபிரியன்:

எல்லாரும் சீலையே பேசுகிறீர்கள். பழைய எஞ்சினுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஜிங்க். என்னிடம் இருப்பது கார்பரேட்டர் காலத்து வண்டி, தட்டை டேப்பட். கேம் லோபும் டேப்பட்டும் உருளாமல் உரசியே ஓடும். அந்த இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது ஜிடிடிபி என்ற ஜிங்க் பாஸ்பரஸ் சேர்மம். வினையூக்கி மாற்றியை, அதாவது சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை, பாஸ்பரஸ் பாழாக்குகிறது என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஏபிஐ தரங்களில் 1996ன் எஸ்ஜே, 2001ன் எஸ்எல் காலத்தில் வரம்பு 0.10 சதவீதம். 2004ல் எஸ்எம் வந்தபோது 0.08. புத்தம்புது ஃபுல் சின்தடிக் 5டபிள்யூ-30 வாங்கி இந்த மாதிரி எஞ்சினில் ஊற்றுபவர் கேம்ஷாஃப்டைப் பணயம் வைக்கிறார். ஆயில் உசத்தி என்பதால் எல்லா எஞ்சினுக்கும் உசத்தி ஆகிவிடாது.

பாகுநிலை:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஒரு சேர்க்கையோடு. அந்த 0.08 வரம்பு எரிபொருள் சிக்கனம் கோரும் மெல்லிய கிரேடுகளுக்குத்தான்: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30. அதே ஏபிஐ எஸ்என், எஸ்பி முத்திரையில் வரும் 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 போன்றவற்றுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. வாங்கும்முன் அந்த ஆயிலின் தகவல் தாளில் பாஸ்பரஸ், ஜிங்க் அளவைப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் போட்டிருப்பார்கள்.

தனியாக விற்கும் ஜிங்க் பாட்டிலை வாங்கிக் கண்ணளவில் ஊற்றுவதை மட்டும் தவிருங்கள். அளவு மிஞ்சினால் அதுவே உலோகத்தை அரிக்கும். ஆயிலில் ஏற்கெனவே நிதானமாகச் சமன் செய்த சேர்க்கைப் பொருள்களின் விகிதமும் கெடும்.

நெடுஞ்சாலை அவர்களின் 1998 இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஜிங்க் அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. 40 கிரேடில் நிற்கும்வரை கவலையே வேண்டாம்.

நெடுஞ்சாலை:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. 5டபிள்யூ-30 எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஆனால் சின்தடிக்கே வேண்டாமா, அல்லது கையேட்டில் உள்ள 10டபிள்யூ-40ல் சின்தடிக் போடலாமா என்பது இன்னும் தெளியவில்லை. முடிவுக்கு முன்னால் எஞ்சினில் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்? கரிமசி அண்ணா, வரிசையாகச் சொன்னால் அப்படியே செய்துவிடுகிறேன்.

கரிமசி:

இப்பதான் சரியான கேள்வி கேட்டிருக்கீங்க. ஆயில் டப்பா வாங்கறதுக்கு முன்னாடி எஞ்சினைப் பாருங்க.

முதல்ல ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. கேம் மேல, ஹெட் மேல தேன் நிறத்துல வார்னிஷ் இருந்தா பயமில்லை, வயசான எஞ்சின்ல அது இருக்கும். கருப்பா மசிமாதிரி கட்டி கட்டியா நின்னா அது ஸ்லட்ஜ். அப்படி இருந்தா இந்த மாத்தற பேச்சை ஒத்தி வெச்சு, சம்ப்பை இறக்கி, ஆயில் உறிஞ்சுற சல்லடையைச் சுத்தம் பண்ணித்தான் அடுத்த வேலை. ஏன்னா உள்ள கட்டி பெயர்ந்து வந்தா நேரா அந்தச் சல்லடைலதான் போய் உக்காரும். சல்லடை அடைச்சா பம்புக்கு ஆயில் கிடையாது, பேரிங் காலி. சின்தடிக் போட்டதும் எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்ற கதைகள்ல உண்மையா நடந்தது இதுதான். மூடியோட அடில மட்டும் வெள்ளையா பால் மாதிரி படிஞ்சிருந்தா அது ஈரம், குறுகிய ஓட்டத்துல சூடு ஏறாததால வர்றது. கூலன்ட் குறையுதான்னும் ஒரு பார்வை பாத்துக்குங்க, ரெண்டும் சேர்ந்தா ஹெட் கேஸ்கெட் சமாச்சாரம்.

அடுத்தது பிசிவி வால்வு. இதை யாரும் பாக்கறதே இல்லை, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். எஞ்சினுக்குள்ள ரிங்கைத் தாண்டி இறங்குற வாயுவை இன்டேக் பக்கம் இழுத்துவிடற சின்ன வால்வு அது. அடைச்சுக்கிட்டா உள்ள அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினா எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயிலைத் தள்ளும். டேப்பட் கவர் ஈரத்துக்கு முக்கால்வாசி நேரம் இதுவும் ஒரு காரணம். நிறைய வண்டில அதைக் கழட்டி ஆட்டிப் பாத்தா உள்ள கலகலன்னு சத்தம் வரணும். வரலைன்னா மாத்திடுங்க.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், எண் கையேட்டுல உள்ள கீழ் வரம்புக்கு மேல இருக்கணும். ஆயில் பிரஷரை டேஷ்போர்டு விளக்கை நம்பாம கேஜ் மாட்டி, எஞ்சின் நல்லா சூடானப்புறம் ஐடில்லயும் ஆர்பிஎம் ஏத்தியும் பாருங்க. விளக்கு எரியற நேரத்துக்கு பிரஷர் ஏற்கெனவே அபாயத்துக்கு வந்திருக்கும்.

இன்னொண்ணு, காலைல ஸ்டார்ட் பண்ணும்போதும், இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டுட்டு திரும்ப மிதிக்கும்போதும் பின்னாடி யாரையாவது பாக்கச் சொல்லுங்க. நீலப்புகை ஒரு முறை குபுக்னு வந்து நின்னுட்டா வால்வ் சீல். மிதிக்க மிதிக்க வந்துக்கிட்டே இருந்தா ரிங். ரெண்டுல எது இருந்தாலும் சின்தடிக் அதைச் சரி பண்ணாது, பணம் போட்டு எரிப்பீங்க.

எஞ்சின் ஃப்ளஷ் வேண்டாம். டீசல் ஊத்திக் கழுவறது வேண்டவே வேண்டாம். ஆயில் படலத்தை வழிச்சு எடுத்துட்டு பேரிங்கை வெறும் உடம்போட ஓட வைக்கிற வேலை அது. அதுல மிச்சமாகி நிக்கிறது புது ஆயிலையும் மெலிசாக்கும்.

ஓடோமீட்டர்:

கரிமசி அண்ணன் சொன்ன சோதனைகளை நானும் வழிமொழிகிறேன். எந்த ஆயில் ஊற்றினாலும் இவை தேவை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது: எல்லாம் நன்றாக இருந்தால் எதற்காக மாற்ற வேண்டும்? டர்போ இல்லை. 5000க்கு ஆயில் மாற்றுகிறார். அவ்வளவு குறைந்த தூரத்தில் நல்ல மினரல் ஆயில் சீரழிவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. "சின்தடிக் போட்டால் 15,000 வரை ஓட்டலாம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதை நம்பி இடைவெளியை நீட்டிய பழைய எஞ்சின்கள் லெவல் குறைந்து கெட்டுப்போவதுதான் நான் அதிகம் காண்பது. ஆயில் கெட்டதால் அல்ல, யாரும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காததால்.

அந்தக் கூடுதல் பணத்தில் கூலன்ட் ஹோஸ், டைமிங் பெல்ட், எஞ்சின் மவுன்ட் என்று எத்தனையோ மாற்றலாம். 1998 வண்டியை நடுவழியில் நிறுத்துவது அவைதான்.

பாகுநிலை:

ஓடோமீட்டர், இதில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. நேர்மையாகச் சொல்கிறேன்: டர்போ இல்லாத, அதிகம் சூடேறாத, 5000க்கு ஆயில் மாற்றும் எஞ்சினில் சின்தடிக்கின் ஆதாயம் சிறிது. டர்போவின் தண்டு, நீண்ட நேர அதிவேக ஓட்டம், பாரம் இழுத்து மலை ஏறுவது, உறையும் குளிர் இவற்றில்தான் அது தன் வேலையைக் காட்டும். ஆயில் வெப்பத்தில் ஆக்சிஜனேற்றம் அடைவதும், ஆவியாவதும், கரியாகப் படிவதும் அங்கேதான் தீவிரம்.

ஆனால் ஆதாயம் பூஜ்யம் இல்லை. அவர் சொன்ன காலைச் சத்தம் இருக்கிறதே, 20டபிள்யூவிலிருந்து 10டபிள்யூவுக்கு வந்தாலே அது குறைய வாய்ப்பு உண்டு. அதற்குச் சின்தடிக் கூடத் தேவையில்லை, 10டபிள்யூ-40 மினரலோ செமியோ போதும். பிஸ்டனில் ஆயில் ரிங் உட்காரும் பள்ளம்தான் இன்னொரு இடம். அங்கே வெப்பம் அதிகம், படிவு சேர்ந்து ரிங் ஒட்டிக்கொண்டால்தான் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். நல்ல அடிப்படை எண்ணெய் அந்தப் படிவைத் தள்ளிப்போடும். பல வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு இது ஒரு நியாயமான காரணம்.

இடைவெளியை நீட்டக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆயிலில் சேரும் பெட்ரோல், ஈரம், தூசி, அமிலம் எல்லாம் எஞ்சினிலிருந்து வருபவை. அடிப்படை எண்ணெய் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அவை வந்து சேரும் வேகம் மாறாது.

லேபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1999ல் அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது விளம்பரக் கண்காணிப்புப் பிரிவிடம் புகார் செய்தது: கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரோகிராக் செய்து (ஹைட்ரஜன் கொண்டு மூலக்கூறுகளை உடைத்து மாற்றி) எடுத்ததை சின்தடிக் என்று விற்கிறார்கள் என்று. தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமானது. அதற்குப் பிறகு இப்படி எடுக்கும் குரூப் 3 எண்ணெயும் "ஃபுல் சின்தடிக்" என்று பல நாடுகளில் விற்கப்படுகிறது. அது மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைய குரூப் 3 மிக நல்ல எண்ணெய், ரப்பரோடும் சண்டை போடாது. ஆனால் "சின்தடிக்" என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டப்பாவின் பின்பக்கம் உள்ள தரக் குறியீட்டைப் பாருங்கள். செமி சின்தடிக்கில் எத்தனை சதவீதம் சின்தடிக் என்பதற்குப் பொதுவான கட்டாய அளவே இல்லை, அங்கேயும் குறியீடுதான் சாட்சி.

உங்கள் எஞ்சினுக்கு நான் தேடுவது இதுதான்: 10டபிள்யூ-40, ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி, கூடவே ஏசிஇஏ ஏ3/பி4 இருந்தால் இன்னும் நல்லது. "ஹை மைலேஜ்" என்று வருபவற்றில் சீலை மென்மையாக வைக்கும் பொருள் சற்றுக் கூடுதலாக இருக்கும். லேசான ஈரம் உள்ள எஞ்சினுக்கு அது பொருத்தம். கிழிந்த சீலை அது ஒட்டாது.

பழசுபிரியன்:

புதிதாக ரிங் போட்டு ஓட்டம் பிடிக்கும் எஞ்சின் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். எஞ்சின் வேலை செய்தவர் சொன்ன ஆயிலில் முதலில் ஓட்டி, ரிங் உட்கார்ந்த பிறகு சின்தடிக்கைப் பற்றி யோசியுங்கள். புது கார்வெட் 1992லிருந்தே தொழிற்சாலையில் சின்தடிக்கோடு வந்தது உண்மைதான், ஆனால் அங்கே சிலிண்டர் ஹோனிங் செய்யும் துல்லியம் வேறு.

நெடுஞ்சாலை:

எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு எழுதுகிறேன். மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே தேன் நிற வார்னிஷ் மட்டும்தான், கட்டி இல்லை. கம்ப்ரஷன் நாலும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள், கையேட்டு வரம்புக்கு மேல். சூடான ஐடிலில் பிரஷர் நன்றாகவே இருந்தது. புகை இல்லை. பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் சத்தமே இல்லை, உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அதையும் டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டாயிற்று.

அதன் பிறகு 10டபிள்யூ-40 சின்தடிக், ஏ3/பி4, புது ஃபில்டர். என் மெக்கானிக்கிடம் இந்த விவாதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். கிரேடு விஷயம் கேட்டதும் அவரே "இதுன்னா சரி, ஊத்தலாம்" என்றார்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன். காலைச் சத்தம் வந்த வேகத்தில் அடங்குகிறது. டேப்பட் கவர் உலர்ந்திருக்கிறது. கிராங்க் சீல் பக்கம் அட்டை விரித்துப் பார்க்கிறேன், சொட்டு இல்லை. மைலேஜில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கவலை: ஆயில் இதற்குள்ளாகவே மினரலைவிட வேகமாகக் கருத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

கரிமசி:

கெடலை. பழைய படிவைக் கொஞ்சம் எடுத்துத் தன்கிட்ட தாங்கி வெச்சிருக்கு, அதுக்குத்தான் டிஸ்பர்சன்ட் போட்டிருக்கான். நிறத்தை வெச்சு ஆயிலை எடை போடாதீங்க. ஆனா இந்த முதல் ஆயிலை மட்டும் முழு இடைவெளி ஓட்டாம பாதி தூரத்துலயே ஃபில்டரோட மாத்திடுங்க. கழட்டின ஃபில்டரை வெட்டி அந்தத் தாளை விரிச்சுப் பாருங்க. கரித்தூள் இருந்தா பரவாயில்லை. வெயில்ல பளபளன்னு உலோகத் துகள் மின்னினா உடனே இங்க எழுதுங்க. அதுவரைக்கும் வாரம் ஒருதரம் டிப்ஸ்டிக், வண்டி சமதளத்துல நிக்கணும், எஞ்சின் நிறுத்தி கொஞ்ச நேரம் ஆகியிருக்கணும்.

ஓடோமீட்டர்:

மகிழ்ச்சி. சத்தம் குறைந்தது கிரேடால், கசிவு நின்றது பிசிவியாலும் கேஸ்கெட்டாலும் என்றே இன்னும் நினைக்கிறேன். இதே 10டபிள்யூ-40 மினரலிலும் இந்தப் பலன் கிடைத்திருக்கும். ஆனால் மாறிய விதம் சரியான விதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு ஆயில் குறைகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சில தயாரிப்பாளர்கள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கையேட்டில் போடுகிறார்கள். உங்கள் எஞ்சின் நேற்றுவரை குடித்ததைவிடக் கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நாலாம்கியர்:

இதே கேள்வி பழைய டர்போ டீசலுக்கும் பொருந்துமா? என் வண்டியில் 15டபிள்யூ-40 மினரல் ஓடுகிறது. மேலே சொன்ன எஸ்பி 10டபிள்யூ-40ஐயே ஊற்றிவிடலாமா?

பாகுநிலை:

எஸ் வரிசை மட்டும் உள்ள ஆயிலை டீசலில் ஊற்ற வேண்டாம். டீசலில் புகைக்கரி ஆயிலுக்குள் நிறைய இறங்கும். அதைத் தாங்கவும் அமிலத்தை முறிக்கவும் தனித் தரம் வேண்டும்: ஏபிஐயில் சிஐ-4, சிகே-4 போன்ற சி வரிசை, ஏசிஇஏயில் பி அல்லது இ வரிசை. உங்கள் எஞ்சினில் டர்போ இருப்பதால் சின்தடிக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது, பெட்ரோல் நண்பரைவிட உங்களுக்கே ஆதாயம் அதிகம். ஆனால் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆயில் மாறும். ஃபில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். கையேட்டில் ஆயில் பற்றிய பக்கத்தைப் படமெடுத்துத் தனி இழையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.